குமிழுக்கு நேர் கீழே

பிப்ரவரி 9

அம்மாவுக்கு,

இல்லை, கேமரா கெட்டுப்போகவில்லை. கெட்டிருந்தால் படமே வராது. இது வருகிறது, பனிமூட்டத்துக்குள் இருந்து வருகிறது. பகலில் ஓரளவு பரவாயில்லை. நீ விளக்கை அணைத்ததும் ஒரு வெள்ளைத் திரை விழுகிறது. அதற்குப் பின்னால் ஏதோ நடமாடுகிறது. நடமாடுவதால் அது அலமாரி இல்லை, நீதான் என்று முடிவு செய்துகொள்கிறேன்.

போனை விட்டுவிட்டுக் கடிதத்துக்கு வந்தது நல்லதுதான். உன் காதுக்காக நான் கத்த வேண்டியிருக்கிறது. கத்திக் கேட்டால் ‘சாப்பிட்டியா’ என்பதுகூடச் சண்டை போல இருக்கிறது. ஆனால் விசித்திரமான ஏற்பாடு. உன்னைத் தினமும் பார்க்கிறேன், சத்தமில்லாமல். உன் பேச்சு மட்டும் ஒரு வாரம் பின்னால் வருகிறது.

அண்ணன் சொன்னது நினைவிருக்கட்டும். பக்கத்துக் கட்டடத்துத் தபால்காரர் விழுந்து கிடந்து, யாரும் பார்க்காமலே போய்ச் சேர்ந்த பிறகு அவன் சரியாகத் தூங்குவதில்லை. “கேமராவுல அம்மா தெளிவாத் தெரியற வரைக்கும் அங்கயே இருக்கட்டும். தெரியலன்னா எங்கிட்ட வந்துடணும்” என்றான். நீயும் தலையாட்டினாய். அதனால்தான் நானே விடுமுறை போட்டு வந்து மாட்டினேன். ஊர் ஊராகப் போய்க் கேமரா மாட்டுவதுதான் என் பிழைப்பு. சொந்த அம்மா வீட்டில் படம் மங்கல். வெளியே சொல்ல முடியவில்லை.

இருட்டில் அந்தக் கேமரா தானே ஒரு வெளிச்சம் போடும். நம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக் குமிழில் ஏதாவது ஒட்டியிருந்தால் அந்த வெளிச்சம் திரும்பி அதன் கண்ணிலேயே விழும். குமிழின் மேல் ஏதாவது இருக்கிறதா? கீழே நின்றே பார்த்துச் சொல்.

முழங்கால் எப்படி? மாத்திரையை வாயில் போடுவது போலப் போட்டுவிட்டுத் துப்பாதே. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

வாலு


பிப்ரவரி 17

என் வாலுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முழங்கால் படி இறங்கும்போது ஞாபகப்படுத்துகிறது, ஏறும்போது மறந்துவிடுகிறது. நீ தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவதாகக் கனவு கண்டேன். கனவா, நிஜமா, எழுது. உனக்கு மட்டும்தான் பார்க்கத் தெரியும் என்று நினைக்காதே.

குமிழின் மேல் ஒன்றும் இல்லை. ஒரு உறை போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

நீ பஸ் ஏறின அன்றைக்கே போட்டுவிட்டேன். நல்ல பளபளப்பான பிளாஸ்டிக் பை, கழுத்தில் ரப்பர் பேண்டு. விலை கூடிய சாமான். தூசி படிந்தால் யார் பொறுப்பு? டி.வி. ரிமோட்டுக்குப் போட்டேன், டி.வி. போய்விட்டது, ரிமோட் இன்னும் புதுசாக இருக்கிறது. வேலையில் இருந்தபோது டிக்கெட் மெஷினுக்கும் போட்டிருந்தேன். “கண்டக்டரம்மா, மெஷினுக்குக் கல்யாணமா?” என்று டிரைவர் கேட்பார். மற்ற கண்டக்டர்களின் மெஷின் மழையில் செத்தது. என்னுடையது என்னோடு ஓய்வுபெற்றது.

அந்தப் பைதான் காரணம் என்றால் எடுத்துவிடுகிறேன். ஆனால் தூசி படிந்தால் என்னைக் கேட்காதே.

பெரியவன் நேற்று வந்துபோனான். அவன் வீட்டில் எனக்கான அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கியிருக்கிறானாம். “என்ன நிறம்மா வேணும்?” என்று கேட்கவில்லை. “நீலம் வாங்கிட்டேன்மா” என்றான். நல்ல பிள்ளை. ஒன்பதாவது மாடி. அங்கே ஜன்னலைத் திறந்தால் காற்று மட்டும்தான் வருகிறது. இங்கே திறந்தால் டிப்போ வாசல். எந்த வண்டி எந்த கியரில் திணறுகிறது என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் நம்பர் டிரைவர் வளைவில் ஒரு சின்ன ஹாரன் அடித்துவிட்டுப் போவான், எனக்காக. இதைப் பெரியவனிடம் சொன்னால் சிரிப்பான். உன்னிடம் சொன்னேன், நீயும் சிரித்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


மார்ச் 1

அம்மாவுக்கு,

சிரிக்கவில்லை. பைக்கு மட்டும் சிரித்தேன். வேலை செய்யும் இடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். இனி எந்தக் கேமரா மங்கினாலும் “உறை போட்டிருக்கானு பாரு” என்றுதான் பேச்சு.

நின்றபடி சாப்பிடுவது நிஜம். எப்படிக் கண்டுபிடித்தாய்?

பை எடுத்ததும் படம் பாதி தெளிந்தது. மீதிப் பாதி உன் விரல்கள். ரப்பர் பேண்டை உருவும்போது குமிழைப் பிடித்திருக்கிறாய். ஐந்து விரலும் அப்படியே இருக்கின்றன. கூடவே சமையலறைப் புகையின் பிசுபிசுப்பு. துடைக்க வேண்டும். ஆனால் உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும், கீறல் போகாது. முதலில் ஊதித் தூசியை விரட்டு. பிறகு மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி, அதில் இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர். நடுவில் தொடங்கி வட்டமாக வெளியே வா. தண்ணீரைக் குமிழின் மேல் தெளிக்காதே.

பின் ஜன்னல் திரையைக் காலையில் இழுத்துவிடு. வெளிச்சம் உன் முதுகில் விழுந்தால் முகம் கரியாகிவிடுகிறது. அண்ணன் இந்தப் படத்தைத்தான் காபியோடு பார்க்கிறான். காலையில் அவனுக்கு முகம் தெரிய வேண்டும்.

யாரையாவது கூப்பிட்டுச் செய்யச் சொல்லேன். கீழ்வீட்டு நர்ஸ் நல்ல உயரம்.

வாலு


மார்ச் 10

வாலு,

சுகம். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன், நேரம் மிச்சம்.

துடைத்துவிட்டேன். நீ சொன்ன மாதிரியே ஊதி, வட்டம் போட்டு. குழந்தைக்கு முகம் துடைப்பது போல இருந்தது. அதுவும் அசையாமல் காட்டியது, உன்னை மாதிரி இல்லை.

நர்ஸை எதற்குக் கூப்பிட? இரவெல்லாம் நின்றுவிட்டு வருகிறாள். வந்ததும் “ஏம்மா, ஸ்டூல்ல ஏறு” என்றால் நன்றாகவா இருக்கும்? நானே ஏறினேன். திட்டாதே. ஓடுகிற பஸ்ஸில் நின்று சம்பாதித்தவள் நான். பிரேக் அடித்தால் பயணிகள்தான் என் மேல் விழுவார்கள், நான் யார் மேலும் விழுந்ததில்லை. அதற்கு ஒரு விதி இருக்கிறது. ஒரு கை டிக்கெட்டுக்கு, ஒரு கை கம்பிக்கு. சில்லறை கீழே விழுந்தாலும் கம்பியை விடக் கூடாது. ஸ்டூலிலும் அதேதான். ஒரு கை துணியில், ஒரு கை கதவு நிலையில்.

பின் ஜன்னலை மூட மாட்டேன். டிப்போ தெரியாது. என் முகம் கரியாகத் தெரிந்தால் தெரியட்டும், நான் ஒன்றும் பெண் பார்க்க உட்காரவில்லை.

ஒரு கேள்வி. நான் தலை சீவும்போது பெரியவனும் பார்க்கிறானா? பார்த்தால் பரவாயில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

அம்மா


மார்ச் 22

அம்மாவுக்கு,

நீ தலை சீவும் இடம் படத்தில் வராது. அப்படித்தான் வைத்திருக்கிறேன். உன் அறையும் வராது. குமிழுக்கு நேர் கீழேயும் வராது. எந்தக் கேமராவுக்கும் தன் காலடி தெரியாது.

பகல் படம் அருமை. நாற்காலி விளிம்பில் பெயிண்ட் உரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. இருட்டில் மட்டும் இன்னும் ஒரு வெள்ளைப் புகை, இடப்பக்கம். காரணம் கண்டுபிடித்துவிட்டேன். குமிழுக்கு உள்ளே, லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்பு ஸ்பாஞ்சு வளையம் இருக்கும். குமிழின் உட்பக்கத்தோடு ஒட்டி நின்றால்தான் அந்த வெளிச்சம் லென்ஸுக்குள் கசியாது. நீ பையை இழுத்தபோது குமிழ் திரும்பியிருக்கிறது, வளையம் விலகிவிட்டது.

குமிழை வலப்பக்கம் மெதுவாகத் திருகினால் ‘டக்’ என்று உட்காரும். ஒரு கையால் முடியாது, சாய்ந்துவிடும். இரண்டு கையாலும் பிடித்துச் சமமாகத் திருகு.

அண்ணன் நேற்றும் கேட்டான். “என்னடி, இன்னும் மூட்டமாவே இருக்கு? நீயே மாட்டினதுதான?” சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் நீலத் திரைச்சீலையின் படத்தையும் அனுப்பினான். கொஞ்சம் சீக்கிரம் செய்துவிடு.

இங்கே ஒரு கிடங்கில் வேலை. வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம்தான் உன்னைப் பார்க்கிறேன். நாளெல்லாம் அந்நியர்களைப் பார்க்கும் கேமராக்கள், பிறகு நீ. ஆறுதலாக இருக்கிறது.

வாலு


ஏப்ரல் 19

வாலு,

பதில் தாமதம். வேலை இருந்தது. என்ன வேலை என்று கேட்காதே, வீட்டில் வேலைக்கா பஞ்சம்.

சொன்னபடி திருகிவிட்டேன். ‘டக்’ என்றது. இருட்டிலும் தெளிவாக இருக்குமே? இல்லையென்றால் சொல், மறுபடி பார்க்கிறேன்.

எழுத்து கோணலாக இருக்கிறது. புதுப் பேனா. தாளில் நிற்காமல் ஓடுகிறது.

கீழ்வீட்டு நர்ஸ் இப்போது அடிக்கடி வருகிறாள். போன மாதம் ஒருநாள் டூட்டி முடிந்து தூங்குகிற நேரத்தில் வந்து நின்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு என் நினைப்பு எப்படி வந்ததோ. நல்ல பெண். காய் நறுக்கித் தருகிறாள். எனக்குத்தான் சோம்பல்.

சாப்பிடும்போது உட்கார்.

அம்மா


ஏப்ரல் 27

அம்மாவுக்கு,

படம் தெளிவாக இருக்கிறது. பகலிலும் இருட்டிலும். இதைவிடத் தெளிவாக எந்தக் கேமராவிலும் வராது. இனி யாரும் அதைத் தொட வேண்டாம். தூசி படிந்தாலும், சிலந்தி கூடு கட்டினாலும், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பழைய பேனாவையே வைத்துக்கொள்ளேன். இந்தப் பேனாவில் உன் எழுத்து மறுபக்கம் சாய்கிறது.

அந்த ஸ்டூலைக் கூடத்தில் இருந்து எடுத்துவிடு. காரணம் ஒன்றுமில்லை. படத்தின் ஓரத்தில் வந்து நிற்கிறது, பார்க்கக் கண்ணை உறுத்துகிறது.

உனக்கு எதுவும் வேண்டுமா? ஏதாவது. நான் கேட்பது கேமராவைப் பற்றி இல்லை.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு நாளாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

வாலு


மே 8

வாலு,

எனக்கு என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம். நீ இப்படிக் கேட்டால்தான் பயமாக இருக்கிறது. உடம்பு சரியில்லையா? வேலையில் யாராவது ஏதாவது சொன்னார்களா?

படம் தெளிவாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அவ்வளவு தெளிவாகவா? கையில் என்ன வைத்திருக்கிறேன் என்பதெல்லாமா?

கொஞ்ச நாளாக நான் சமையலறையில்தான் இருக்கிறேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. நாற்காலியையும் அங்கே போட்டுக்கொண்டேன். டிப்போ தெரியாது, ஆனால் சத்தம் கேட்கும். பெரியவன் கேட்டால் அம்மா சமையலில் இருக்கிறாள் என்று சொல். வெறும் கூடத்தைப் பார்த்து அவன் காபி ஆறிப்போக வேண்டாம். காலையில் ஒருமுறை வந்து நின்று கையாட்டிவிட்டுப் போகிறேன், பார்த்திருப்பாய்.

ஸ்டூலை எடுத்துவிட்டேன்.

அம்மா


மே 16

அம்மாவுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நான் அங்கே இருப்பேன். நாளை இரவு பஸ். ஆனாலும் எழுதித் தபாலில் போடுகிறேன். நேரில் சொன்னால் நான் கத்துவேன். நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வாய்.

கையாட்டுவதைப் பார்க்கிறேன். இடது கை. போர்வைக்குள் வலது கை.

பேனாவைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்ததும் பழைய பதிவுகளைத் தேடினேன். மார்ச் கடைசி வாரம். முதலில் உன் உச்சந்தலை. பிறகு துணி, வட்டம் வட்டமாக. பிறகு இரண்டு கைகள். இரண்டும், அம்மா. கதவு நிலையில் ஒன்றுமில்லை. குமிழ் திரும்புகிறது. கைகள் விலகுகின்றன. உன் முகம் வருகிறது, படம் முழுவதும். அவ்வளவு கிட்டத்தில் உன் முகத்தை நான் சின்ன வயதுக்குப் பிறகு பார்த்ததில்லை. மூக்கின் பக்கத்தில் அந்த மச்சம். நீ ஏதோ சொல்கிறாய். சிரித்துக்கொண்டு. உதடு அசைகிறது. பிறகு முகம் இல்லை. வெறும் கூடம், நாற்காலி, ஜன்னலில் ஒரு பஸ் திரும்புகிறது. ஸ்டூலின் ஒரு கால் மட்டும் படத்தின் ஓரத்தில், படுத்தபடி.

நீ இருந்த இடம் குமிழுக்கு நேர் கீழே. அங்கே எதுவும் தெரியாதபடி வைத்தவள் நான்.

பிறகு நர்ஸ் வந்தாள். நடந்து வரவில்லை. ஓடி வந்தாள். அது மட்டும் எனக்குப் புரியவில்லை.

‘படம் மங்கல்’ என்று எழுதினால் நீ மறுபடி ஏறுவாய். ‘தெளிவு’ என்று எழுதினால் சமையலறைக்குள் போய்விடுவாய். தெரிந்தேதான் இரண்டாவதை எழுதினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் நீலத் திரைச்சீலை. ஆனால் மறுபடி விழுந்தால்? கடந்த வாரங்களில் இதை மட்டும்தான் யோசித்தேன். உன் கை சரியாகக் கூடுகிறதா என்று யோசிக்க வேண்டியவள், அண்ணனிடம் எதை மறைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என்ன சொன்னாய் அம்மா, அப்போது?

வாலு


மே 24

அண்ணாவுக்கு,

அம்மா வீட்டில் இருந்து எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்க வேண்டும். நலம்தான், ஒரு மணிக்கட்டைத் தவிர. மார்ச்சில் கேமராவைத் துடைக்க ஸ்டூலில் ஏறி அம்மா விழுந்துவிட்டாள். எலும்பில் விரிசல். நர்ஸ் தன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போய்க் கட்டுப் போட்டாள். கட்டைப் பிரித்தாகிவிட்டது. கை இன்னும் பழைய பலத்துக்கு வரவில்லை.

போனில் சொல்லலாம். நீ உடனே காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டு வா.

அம்மா உன்னிடம் மறைத்தது உனக்குப் பயந்து இல்லை. ‘தெளிவாத் தெரியற வரைக்கும்’ என்றாய். தெளிவாகத் தெரியத்தான் ஏறினாள். உன் நிபந்தனையை நான் குறை சொல்லவில்லை. ‘இரண்டு கையாலும் பிடி’ என்று எழுதியது நான். விழுந்தால் தெரிய வேண்டும் என்று நாம் இருவரும் மாட்டிய பொருள், அதற்காகவே அவள் விழுந்தாள். அதன் கண் முன்னால் இல்லை, அதன் காலடியில்.

நேற்று அவளிடம் கேட்டேன்.

“அண்ணன் வீட்டுக்குப் போறியாம்மா?”

“அங்க போனா நல்லாப் பாத்துப்பாங்க.”

“போறியான்னு கேட்டேன்.”

“அதான் சொன்னேனே, நல்லாப் பாத்துப்பாங்கன்னு. பாத்துக்கிட்டே இருப்பாங்க.”

பிறகு ஜன்னலுக்குப் போய்விட்டாள். ஐந்தாம் நம்பர் திரும்பும் நேரமாம். ஹாரன் கேட்டது, அண்ணா. நிஜமாகவே அடிக்கிறார் அந்த டிரைவர்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியாமல் எதையும் செய்ய மாட்டேன் என்று மட்டும் தெரியும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


மே 29

தங்கைக்கும், இதை அவள் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கப்போகும் அம்மாவுக்கும்,

இங்கே எல்லோரும் சுகம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

எனக்குத் தெரியும்.

அன்றைக்குக் காபியோடு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா முகம் பெரிதாக வந்தது. பிறகு காணோம். என் கையில் இருந்த டம்ளர் எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. கார் எடுத்து வந்தால் இரண்டு மணி நேரம். நர்ஸுக்குப் போன் அடித்தேன். “மாடிக்கு ஓடு, மாத்துச் சாவி உங்கிட்டதான இருக்கு?” என்றேன். செருப்புகூடப் போடாமல் ஓடியிருக்கிறாள். நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். எனக்குத் தெரிந்துவிட்டதென்று சொன்னால் நான் போட்ட நிபந்தனையை நானே நிறைவேற்ற வேண்டும். அம்மா போன தடவை இங்கே வந்திருந்தபோது அந்த அறையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறவள் மாதிரி. நான் அதைப் பார்த்தேன். திரைச்சீலை நிறத்தைத்தான் கேட்கவில்லை, அதைப் பார்த்தேன்.

அம்மாவே சொல்லட்டும் என்று அங்கே வராமல் காத்திருந்தேன். தினமும் காலையில் இடது கையால் கையாட்டினாள். நானும் இங்கிருந்து ஆட்டினேன். உன் அண்ணி பார்த்துவிட்டுக் காபியைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

பழைய நிபந்தனையை விட்டுவிடுகிறேன். புதிது ஒன்று. தெளிவாகத் தெரிய வேண்டாம். விழுந்தால் சொல்ல வேண்டும். வலித்தால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்கு அம்மா தலையாட்டினால் போதாது, எழுதித் தரச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரட்டுமா?

பெரியவன்


ஜூன் 20

என் வாலுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அந்தச் சின்ன அஞ்சலட்டையில் எழுதியிருந்தாய். நான் சுகம். இந்த எழுத்தைப் பார், வலது கை. ஒரு பக்கம் எழுதினால் வலிக்கிறது. பார்த்தாயா, சொல்லிவிட்டேன். பெரியவனுக்கும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டான்.

நீங்கள் இருவரும் கழற்றிக் கீழே இறக்கின கேமரா கதவுப் பக்கம் என் தோள் உயரத்தில் நன்றாக இருக்கிறது. முன்பு மேலதிகாரி மாதிரி உச்சியில் இருந்தது. இப்போது எதிரே நிற்கிற பயணி மாதிரி இருக்கிறது. தரையில் நின்றபடியே துடைக்கிறேன், ஒரு கை நிலையில். பெரியவன் சொல்கிறான், “முன்ன உன் உச்சந்தலைதாம்மா தெரிஞ்சுது, இப்பதான் மூஞ்சி தெரியுது.” இத்தனை நாள் உச்சந்தலையைப் பார்த்தா காபி குடித்தாய் என்றேன்.

நர்ஸ் வந்து பேசிக்கொண்டிருக்கும்போது கேமராவுக்கு உறை போட்டுவிடுகிறேன். பிளாஸ்டிக் இல்லை, கெட்டித் துணி. அவள் என்னென்னவோ பேசுவாள், உங்களுக்கு எதற்கு? படம் கறுப்பாக இருந்தால் அம்மா வம்பளக்கிறாள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நாற்காலி ஜன்னலுக்கு வந்துவிட்டது. முகம் கரியாகத் தெரிந்தால் அது பஸ் பார்க்கிற நேரம்.

உன் கடிதம், நீ வந்த பிறகு வந்தது. நீ குளித்துக்கொண்டிருந்தபோது படித்தேன். ஒரு கேள்வி கேட்டிருந்தாய். நீ இங்கே இருந்த நாளெல்லாம் அதை வாய்விட்டுக் கேட்பாய் என்று பார்த்தேன், கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. குமிழைத் திருகினேனா, ‘டக்’ என்றதா, சந்தோஷத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டேன்.

“தெரியுதாடி?”

அவ்வளவுதான். பதில் வருவதற்குள் கீழே வந்துவிட்டேன்.

கை வலிக்கிறது. மறுபடியும் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து சாப்பிடு.

அம்மா


கிடங்கு வாசலில் போனைக் கொடுப்பதற்கு முன் மகள் இந்தக் கடிதத்தைப் படித்தாள். மதிய இடைவேளையில் ஒரு அஞ்சலட்டை வாங்கி, முகவரியை எழுதி, மறுபக்கத்தில் ‘தெரிஞ்சுதும்மா’ என்று மட்டும் எழுதித் தபால்பெட்டியில் போட்டாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.